சோறு ஒரு கடை, குழம்பு ஒரு கடை

போடிநாயக்கனூரில், மலை மேலே போடிமெட்டுக்கு ஏறுகிற சாலையின் நட்ட நடுவில் என் அப்பா நிற்கிறார். கோட்டு, தலைப்பாகை, மூக்குக் கண்ணாடி. இரண்டு கைகளாலும் ஒரு வாழை இலையை ஏந்தியிருக்கிறார். இலை நிறைய ஆவி பறக்கும் வெறும் சோறு.

எதிரே ஒரு கறுப்பு ஆடு.

ஆடு அவசரப்படவில்லை. அந்த இடத்தில் அதற்கு நல்ல அனுபவம் இருந்தது. அப்பா வலப்பக்கம் நகர்ந்தால் அதுவும் வலப்பக்கம் நகர்ந்தது. "ச்சூ... போ... போங்கிறேன்!" என்றார் அப்பா. கையை ஓங்க முடியாது. ஓங்கினால் சோறு போய்விடும். ஆட்டுக்கு அதுவும் தெரிந்திருந்தது.

அப்போது அப்பா ஜில்லாவின் பள்ளிக்கூடங்களைச் சோதனை போடுகிற டெபுடி இன்ஸ்பெக்டர். அவர் வண்டி ஊருக்குள் நுழைகிறது என்றால் தலைமையாசிரியர்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். அப்படிப்பட்டவரை ஓர் ஆடு நடுரோட்டில் மறித்து நின்றதை, பதினாறு வயதில், பக்கத்தில் இன்னோர் இலையை ஏந்திக்கொண்டு நான் பார்த்தேன்.

அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

அப்பாவின் நாக்கு

அரிசிக்கு ரேஷன் நீங்கி, ஓட்டல்களில் மறுபடியும் வயிறாரச் சோறு போட ஆரம்பித்திருந்த வருஷங்கள். அம்மாவின் பெரியம்மா மகன் ஒருவர், போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். சரஸ்வதி பூஜை லீவுக்கு வந்து நாலு நாள் தங்கிப் போகும்படி எழுதியிருந்தார். அப்பா, அம்மா, நான், சித்தப்பா என்று நாலு பேர் விருதுநகரிலிருந்து கிளம்பினோம்.

சித்தப்பாவைப் பற்றி ஒரு வரி போதும். அவருக்கு எப்போதும் பசிக்கும், எந்தக் கடையும் நல்ல கடைதான்.

அப்பா அப்படியில்லை. வெளியூர் போனால் அந்த ஊரிலேயே சிறந்த சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடித்த பிறகுதான் உட்காருவார். அதற்குச் சில விதிகள் வைத்திருந்தார். பலகையில் பெரிய எழுத்து இருந்தால் உள்ளே சரக்கு இல்லை. முதலாளி தன் கடையிலேயே சாப்பிட வேண்டும். இந்த இரண்டாவது விதியால், வழியில் உசிலம்பட்டியில் காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்த எங்களை இலையிலிருந்து எழுப்பிவிட்டார். பரிமாறுகிற நேரத்தில் முதலாளிக்கு வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வந்ததை அவர் பார்த்துவிட்டதே காரணம்.

அதற்கு முந்தைய வருஷம் திருநெல்வேலியில் இன்னொரு விதி. பருமனான ஆள் எங்கே நுழைகிறாரோ அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும். நல்ல பருமனான ஒருவரைத் தேர்ந்தெடுத்து, நாலு தெரு பின்தொடர்ந்து, அவர் நுழைந்த வீட்டுக்குள் நாங்களும் நுழைந்து பெஞ்சியில் உட்கார்ந்தோம். ஒரு பெரியவர் வந்து வரிசையாக எங்கள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். அஜீரணத்துக்குப் பேர்போன வைத்தியர் வீடு அது. ஆளுக்கு ஒரு கிண்ணம் கஷாயம் குடித்துவிட்டுத்தான் எழுந்தோம். குடித்து முடித்ததும், "சுக்கு கொஞ்சம் தூக்கல்" என்று அப்பா அபிப்பிராயம் சொன்னார்.

அபிப்பிராயம் சொல்வதுதான் அவர் உத்தியோகம். வீட்டிலும் அதை விட்டதில்லை. இருபது வருஷமாக ஒவ்வொரு வேளையும் அம்மா அதைக் கேட்டுக்கொண்டே பரிமாறினாள். பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

"ரெண்டும்தேன் சார்"

போடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கில் ஏலக்காய் ஏறியது. தெருவில் சாக்குச் சாக்காகப் போய்க்கொண்டிருந்தது. மழை பெய்து விட்டிருந்தது. மலை முழுக்க மூட்டம். தோட்டத்து ஜீப்பு இரண்டு மணிக்குத்தான் வரும் என்றார்கள். அப்போது பன்னிரண்டுகூட ஆகவில்லை.

அப்பா விசாரணையைத் தொடங்கினார். மூட்டை தூக்குகிற ஒருவர், "சுருளியாண்டி கடைக் குழம்பு மாதிரி மதுரையிலகூடக் கெடையாது" என்றார். தையல்காரர் ஒருவர், "பேச்சியம்மா கடைச் சோறு பூ மாதிரி இருக்கும்" என்றார். மூன்றாவதாக ஒரு லாரிக்காரர் வந்தார்.

"சுருளியாண்டி கடையா, பேச்சியம்மா கடையா? இரண்டில் எது உயர்ந்தது?" என்று அப்பா கேட்டார்.

லாரிக்காரர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரெண்டும்தேன் சார். ரெண்டுலயும்தேன் சாப்பிடணும்."

ஊர்ப்பெருமை பேசுகிறார் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

மெட்டுச் சாலையில் கடைசியாக இருந்த ஓட்டுக் கட்டடம் அது. ஒரே கூரை. நடுவில் ஓலைத் தட்டி வைத்து, வாசல் வரைக்கும் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு வாசல், அந்தப் பக்கம் ஒரு வாசல். கருவாட்டுக் குழம்பு வாசனை ரோட்டைத் தாண்டி வந்தது. அப்பா கண்ணை மூடி ஒருமுறை இழுத்தார். "நெத்திலி. கத்தரிக்காய் போட்டிருக்கிறான்" என்று சொல்லிவிட்டு முதல் வாசலில் நுழைந்தார்.

அது பேச்சியம்மா பக்கம். நாற்பது வயதிருக்கும். வாட்டசாட்டமான பெண். "வாங்க, வாங்க. ஒக்காராதீக, எலைய வாங்கிக்கங்க" என்றாள்.

"உட்காராமலா?"

"இங்க சோறு, கீரை, அப்பளம், மோரு. குழம்பு வேணும்னா எலையத் தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போங்க."

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. "இங்க குழம்பு, ரசம், வறுவல். சோறு கெடையாது."

கையில் இலையோடு வெளியே போய்க்கொண்டிருந்த மூட்டைக்காரர் ஒருவர் எங்களுக்கு விளக்கினார். "புருசன் பொஞ்சாதி சார். ஏழு மாசமாப் பேச்சுவார்த்தை இல்ல. அவரு சோறு வடிக்க மாட்டாரு. இந்தம்மா புளியத் தொடாது. தட்டிக்கு மேல கீழ ஒண்ணையும் கைமாத்தக் கூடாது. பாத்தாகன்னா ரெண்டு பேரும் கரண்டியத் தூக்கிருவாக. எலைய அடியில கை குடுத்துத் தூக்குங்க, சூடு தெரியாது. ரோட்டுல ஆடு நிக்கும், அதுக்கு மட்டும் சாக்கிரத."

ஐந்து நடை

ஒரு முழுச் சாப்பாட்டுக்கு ஐந்து நடை நடக்க வேண்டும். முதலில் சோறு வாங்கிக்கொண்டு, சாக்கடைக் கல்லைத் தாண்டி ரோட்டில் இறங்கி, அடுத்த வாசலில் ஏறவேண்டும். குழம்புச் சோறு முடிந்து ரசத்துக்குச் சோறு வேண்டுமென்றால், குழம்பு பட்ட இலையைப் பேச்சியம்மா உள்ளே விடமாட்டாள். அதனால் பழைய இலையை அங்கேயே விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, புது இலையோடு போய்த் திரும்ப வேண்டும். விட்டுவிட்டுப் போகிற இலைக்குக் காவல் வேண்டும். "சார், எலையப் பாத்துக்கங்க, வந்துர்றேன்" என்று அங்கே எல்லோரும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மோருக்கு ஒரு நடை, குழம்புக்குக் காசு கொடுக்க ஒரு நடை. மழையென்றால் ஒரு கையில் குடை.

அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். "நடுத்தெருவுல சோத்தைத் தூக்கிட்டு நான் நடக்க மாட்டேன்." பேச்சியம்மா பக்கத்திலேயே ஓரமாக உட்கார்ந்து மோரும் சோறும் போதும் என்றாள்.

சித்தப்பாவின் இலை முதல் நடையிலேயே கிழிந்தது. ஆட்டுக்கு நல்ல சாப்பாடு. அப்பா ஆட்டுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் நடுரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கடைசியில் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்து அவரைக் காப்பாற்றியது.

அப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்த சோற்றில் சுருளியாண்டி குழம்பை ஊற்றினார். மெலிந்த, உயரமான மனிதர். காதில் ஒரு பீடி. குழம்பு விழுந்ததும் அப்பாவின் முகத்தில் எல்லாக் கோபமும் போய்விட்டது. நானும் அந்த மாதிரி ஒரு குழம்பைப் பிறகு சாப்பிட்டதில்லை.

சுருளியாண்டியின் காலடியில் ஒரு தகரப்பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது.

இரண்டாம் தடவை வறுவல் கிடைக்குமோ என்ற ஆசையில் சித்தப்பா ஒரு காரியம் செய்தார். "எங்க அண்ணன் யாருன்னு தெரியுமில்ல? இன்ஸ்பெக்டரு" என்றார். எந்த இன்ஸ்பெக்டர் என்று சொல்லவில்லை. கடை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது.

சுருளியாண்டி கரண்டியை வைத்துவிட்டு அப்பா முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "ஐயா, நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்க. ஏழு மாசத்துக்கு முன்னாடி ஒரு வழிப்போக்கரு வந்து, சாப்பாடு பிரமாதம்னாரு. நான் வெள்ளந்தியாச் சொன்னேன், சோறு யாரு வேணாலும் வடிச்சுருவாக, குழம்புலதேன் கைப்பக்குவம் இருக்குன்னு. அம்புட்டுத்தேன் சொன்னேன். மறுநா விடியக்காலம் தட்டி நிக்குது."

"பெட்டி எதற்கு?" என்றார் அப்பா.

"ரெண்டு மணி ஜீப்புல மேல போறேன். தோட்டத்துக் குசினியில சமைக்க ஆளு கேட்டாக. வர்றேன்னு சொல்லிட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவகிட்டச் சொல்லல. ஆனா தட்டி ஓலைதான, கேக்காமயா இருக்கும். ஒரு வார்த்த போகாதீகன்னு சொல்லல பாருங்க."

நாங்கள் போக வேண்டிய அதே ஜீப்பு. அவர் போய்விட்டால் கடையே இல்லை என்பது அங்கே இலையில் கை வைத்திருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்தரும் மெல்லவில்லை.

"சோறு எப்பிடி இருக்குங்கய்யா?" என்று திடீரென்று கேட்டார் சுருளியாண்டி.

வாதியை முதலில் குளிர்விக்க வேண்டும் என்று அப்பா நினைத்திருப்பார். "சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. உங்கள் குழம்புதான் தூக்கி நிறுத்துகிறது" என்றார்.

சுருளியாண்டியின் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அப்பா அதைப் பார்க்கவே இல்லை.

தட்டிக்கு அந்தப் பக்கம்

மோருக்காக நானும் அப்பாவும் கை கழுவிக்கொண்டு பேச்சியம்மா பக்கம் வந்தோம். அங்கே அம்மாவும் அவளும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா இவ்வளவு பேசுவாள் என்பதே எனக்குப் புதிது.

"...பதினெட்டு வருசம் மதினி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள் பேச்சியம்மா. "விடியக்காலம் மூணு மணிக்கு ஒல வச்சா, அடுப்ப விட்டு எந்திரிக்கையில பொழுது சாஞ்சுரும். யாரு வேணாலும் வடிச்சுருவாகளாம். சரி, யாராச்சும் வடிக்கட்டும். அவரு எங்கிட்டும் போகட்டும், எனக்கென்ன." சொல்லிவிட்டு, தெருவில் ஜீப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைச் சாய்த்தாள்.

"சொல்றவுகளுக்கு என்ன. வாய்தான," என்றாள் அம்மா. அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "அம்மா, நான் இரு தரப்பையும் கேட்டுவிட்டேன். உங்கள் சோறு பூ மாதிரி இருக்கிறது. அதில் இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது. உண்மையைச் சொன்னால், அந்தக் குழம்பில்தான் உப்புப் போதவில்லை."

பேச்சியம்மா அகப்பையை மோர்ப்பானையில் விட்டாள். மெதுவாக எழுந்தாள்.

"யாரு குழம்புல?"

"அந்த... உங்கள்..."

"மூணாறுக்குப் போற லாரி பூராவும் நிப்பாட்டித் திங்கிற குழம்பு! தொரைமாரு ஆளனுப்பி வாங்கிட்டுப் போன குழம்பு! அதுல உப்பு இல்லையா?"

ஓலைத் தட்டியை ஒரே கையால் தூக்கிச் சுவரில் சாத்தினாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் நடந்தாள். நான் அவள் முந்தானைக்குப் பின்னாலேயே போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் இலையை இழுத்துக்கொண்டு வழி விட்டார்கள். சுருளியாண்டி சுவரோடு ஒட்டி நின்றார்.

பேச்சியம்மா கரண்டியால் ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். இன்னொரு சொட்டும் விட்டுப் பார்த்தாள்.

பிறகு நடந்ததைப் பார்த்தது இரண்டு பேர்தான், நானும் சுருளியாண்டியும். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, உப்புச் சட்டியில் கை விட்டு ஒரு கல் உப்பை எடுத்துக் குழம்பில் போட்டாள். கரண்டியால் ஒரு கிண்டு கிண்டினாள். அப்புறம் திரும்பினாள்.

"உப்பு கணக்காத்தேன் இருக்கு! நாக்குச் செத்த மனுசன்லாம் ஞாயம் பேச வந்துட்டாக!"

சுருளியாண்டி சுவரை விட்டு முன்னால் வந்தார். "அது மட்டுமா பேச்சி! என்கிட்ட வந்து சோறு குழஞ்சுபோச்சுன்னாரு!"

"என்னது? எஞ்சோறா?"

"ஒஞ்சோறுதேன்! பதினெட்டு வருசத்துல ஒரு பருக்க குழஞ்சிருக்குமா? கேளு அவர!"

இரண்டு பேரும் தோளோடு தோள் சேர்ந்து அப்பாவை நோக்கி வந்தார்கள். அவர் கையில் ஒரு கரண்டி, அவள் கையில் ஒரு கரண்டி. அப்பா பின்பக்கமாகவே நடந்து சாக்கடைக் கல்லைத் தாண்டி, ஆடு நின்ற இடம் வரைக்கும் போனார்.

அந்த நேரத்தில் ஜீப்பு வந்து நின்றது. "என்னண்ணே, பெட்டி ரெடியா? வெரசா ஏறுங்க" என்றான் டிரைவர்.

சுருளியாண்டி வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மா முந்திக்கொண்டாள். "அவருக்குச் சோலி கெடக்கு. நீ போ."

வளைவுகள்

நாங்கள் ஜீப்பில் ஏறினோம். சமையல்காரருக்காக வைத்திருந்த முன் இருக்கையில் அப்பா உட்கார்ந்தார். புறப்படும்போது பேச்சியம்மா ஓடி வந்து அம்மா மடியில் ஓர் இலைப்பொட்டலம் வைத்தாள். "நீங்க ஒரு வாய் குழம்பு திங்கலையே மதினி. ஒங்களுக்கும் பிள்ளைக்கும். அவுகளுக்கு இல்ல."

மூன்றாவது வளைவு தாண்டியதும் அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். சோறும் குழம்பும் ஒரே இலையில் இருந்தன. எனக்கு ஒரு கவளம், சித்தப்பாவுக்கு ஒரு கவளம், தனக்கு ஒன்று. கீழே போடி ஒரு தட்டு அளவுக்குச் சிறுத்துவிட்டது. குளிர ஆரம்பித்தது. அப்பா முன்னால் பார்த்துக்கொண்டே வந்தார். ஏழெட்டு வளைவு கழித்து அம்மா ஒரு கவளத்தை உருட்டி அவர் தோளுக்கு மேலாக நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டார். அபிப்பிராயம் சொல்லாமல் இன்னொன்றுக்குக் கையை நீட்டினார்.

குசினி

தோட்டத்தில் போய் இறங்கும்போது மாலை ஆகியிருந்தது. எங்களை அழைத்திருந்த கணக்கப்பிள்ளை மாமா, காய் உலர்த்துகிற மேல் ஸ்டோரில் இருந்தார். வர அரை மணியாகும். ஆனால் எங்களை வரவேற்க ஒரு கூட்டமே நின்றது. காய் எடுக்கிற பருவத்துக்காகக் குடும்பத்தை ஊரில் விட்டு வந்திருந்த தனியாட்கள், முப்பது பேர். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, கையில் தட்டுகளோடு நின்றார்கள்.

"குசினிக்கு ஆளு எவிட?" என்றார் அவர்களை வேலை வாங்குகிற கங்காணி. எல்லைக்கு அப்பால் இருந்து இருந்து அவர் பேச்சில் பாதி மலையாளம்.

டிரைவருக்கு எரிச்சல். அப்பா பக்கம் முகவாயைத் தூக்கிக் காட்டினான். "எல்லாம் இந்தா, இவருதேன்." ஆள் வராமல் போனதற்குக் காரணம் இவர்தான் என்பது அவன் அர்த்தம்.

கங்காணிக்கு வேறு அர்த்தம் கிடைத்தது. அப்பாவின் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு பெரிய சமையல்காரரா என்று அவர் முகம் மலர்ந்தது. நாலு பேர் ஓடி வந்து தோல்பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். "வாங்க ஐயா, வாங்க" என்று அப்பாவை நடுவில் விட்டு அழைத்துப் போனார்கள். பள்ளிக்கூடங்களில் நடக்கிற வரவேற்புதான் என்று நினைத்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு அவரும் நடந்தார்.

"அம்மா, சொல்ல வேண்டாமா?" என்றேன்.

"போகட்டும்," என்றாள் அம்மா. "போய்ப் பாத்துட்டு வரட்டும்."

உள்ளே என்ன நடந்தது என்று, கூடவே போயிருந்த சித்தப்பா பிறகு சொன்னார். ஒரு மாதமாக அவர்களுக்குச் சமைக்க ஆள் இல்லை. பொழுதெல்லாம் மழையில் காய் எடுத்துவிட்டு, இருட்டிய பிறகு ஈர விறகை ஊதி, அரைவேக்காட்டுக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இன்று ஆள் வருகிறார் என்று மத்தியானத்திலிருந்தே தட்டைக் கழுவி வைத்துக் காத்திருந்தார்களாம். எல்லோரிலும் வயதான ஒருவர் அடுப்பைப் பற்றவைத்து, அப்பா கையில் கரண்டியைக் கொடுத்து, "நீங்க வந்ததே போதும் ஐயா, எதை வச்சாலும் சாப்பிடுவோம்" என்றாராம்.

கால் மணி நேரம் கழித்து அப்பா வெளியே வந்தார். கோட்டு இல்லை. தலைப்பாகை இல்லை. கண்ணாடி முழுக்கப் புகை. தான் யார் என்று அவர்களிடம் சொல்லாமலே வந்திருந்தார்.

அம்மா பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"முப்பது பேருக்கு எத்தனை படி அரிசி போடணும்?"

அம்மா புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"ஆறு படி. தள்ளுங்க."